தபாலில் வந்த இலக்கணம்

இன்று கையில் ஒரு கைப்பேசி இருந்தால் போதும். தோட்டத்து லயத்தின் வாசற்படியில் உட்கார்ந்தபடியே ஒரு பிள்ளை ஜெர்மன் மொழியின் பாலபாடத்தைப் படிக்கலாம். இணையத்தில் காசு வாங்காமல் பாடம் நடத்துகிறார்கள். படம் காட்டுகிறார்கள், பேசிக் காட்டுகிறார்கள், பயிற்சி கொடுத்து விடை சரியா தவறா என்று அப்போதே சொல்லிவிடுகிறார்கள். தாதிமைத் தொழிலுக்கோ தொழிற்பயிற்சிக்கோ ஜெர்மனிக்குப் போகலாமா என்று ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளைகள் கேட்கிற காலம் இது. ஆகவே இப்படிப்பட்ட பாடம் எப்படித் தோன்றியது, முன்பு யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமல் போனது என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு காலத்தில் மொழி வேண்டுமென்றால் மொழி இருக்கும் ஊருக்கே போயாக வேண்டும். இதற்கு நாம் அறிந்த நல்ல சான்று ஒரு ஜெர்மானியரே. சீகன்பால்கு என்று நம்மவர் அழைக்கும் அந்தப் பாதிரியார் 1705ஆம் ஆண்டு நவம்பரில் டென்மார்க்கிலிருந்து கப்பலேறி, 1706 ஜூலையில்தான் தரங்கம்பாடியில் கால் வைத்தார். ஏழு மாதத்துக்கும் மேற்பட்ட பயணம். அங்கே திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். பத்து ஆண்டு கழித்து, 1716இல், அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹால்லே நகரில் அச்சேறியது. அதை அவர் எழுதியது ஜெர்மனில் அன்று, இலத்தீனில். இதில் வியப்பில்லை. ஜெர்மன் மொழிக்கே 1570களில் எழுந்த இலக்கண நூல்கள் இலத்தீனில்தான் எழுதப்பட்டன. இலக்கணம் என்பது படித்தவர் வீட்டுச் சொத்தாக இருந்த காலம் அது.

இந்த நிலையை மாற்றியவர்களில் ஒருவர் பெர்லினைச் சேர்ந்த குஸ்தாவ் லாங்கென்ஷைட். பிறந்தது 1832இல். வாணிபப் பயிற்சியை முடித்ததும் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். பெரும்பாலும் கால்நடையாகவே போனார். லண்டன் சேர்ந்தபோது, சுற்றி இருப்பவர் பேசுவது ஒன்றும் விளங்காமல் நிற்பது எவ்வளவு கூச்சமான நிலை என்பதை உணர்ந்தார். ஊர் திரும்பிப் பட்டாளத்தில் சேர்ந்தவர், சார்ல்ஸ் துஸேன் என்ற பிரெஞ்சு ஆசிரியரோடு கூடி ஒரு திட்டம் தீட்டினார். ஆசிரியரிடம் போக முடியாதவருக்கு ஆசிரியரைக் கடிதமாக அனுப்புவது என்பதே அத்திட்டம்.

அந்தப் பிரெஞ்சுப் பாடத்தை அச்சிட எந்தப் பதிப்பகமும் முன்வரவில்லை. லாங்கென்ஷைட் 1856இல் தாமே ஒரு பதிப்பகம் தொடங்கினார். பாடம் கடிதம் கடிதமாகத் தபாலில் போயிற்று. ஒவ்வொரு அயற்சொல்லுக்கும் உச்சரிப்பைக் காட்ட அடையாளக் குறிகள் இருந்தன. வரிக்கு வரி பொருளும் இருந்தது. பகலெல்லாம் கடையிலும் அலுவலகத்திலும் வேலை செய்தவர்கள் இரவில் விளக்கடியில் உட்கார்ந்து தாமே படித்தார்கள். பிற மொழிகளுக்கும் இத்தகைய கடிதங்கள் வந்தன. ஜெர்மன் மொழிக்கென்றே எழுதப்பட்ட கடிதங்களும் வந்தன. இன்று இணையத்தில் நாம் காணும் பாடத்துக்கு இந்தக் கடிதத்தைப் பாட்டன் என்று சொல்லலாம்.

ஜெர்மன் மொழியின் தொடக்க இலக்கணத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? பிள்ளைகள் பயப்படுகிறார்கள். தமிழ் இலக்கணத்தை ஒழுங்காகப் படித்த பிள்ளை பயப்பட வேண்டியதில்லை என்பது நம் கருத்து. மலாய் மொழியில் 'சாயா டத்தாங், அவாக் டத்தாங், டியா டத்தாங்' என்று யார் வந்தாலும் வினைச்சொல் ஒன்றுதான். தமிழில் அப்படியா? வருகிறேன், வருகிறாய், வருகிறான் என்று விகுதி மாறுகிறது. ஜெர்மனிலும் அப்படியே: இஷ் கொம்மெ, டூ கொம்ஸ்ட், ஏர் கொம்ட். நீ என்பதற்கு 'டூ', மரியாதையாக நீங்கள் என்பதற்கு 'ஸீ'. அந்த மரியாதைச் சொல்லுக்கு நம்மைப் போலவே பன்மை வினைதான் வரும்.

வேற்றுமை உருபும் உண்டு. நமக்கு எட்டு, அவர்களுக்கு நான்கு. 'நாய் மனிதனைக் கடித்தது' என்றாலும் 'மனிதனை நாய் கடித்தது' என்றாலும் நமக்குப் பொருள் மாறுவதில்லை. ஐ என்ற உருபு காப்பாற்றிவிடுகிறது. ஆங்கிலத்தில் இப்படி மாற்றினால் மனிதன் நாயைக் கடித்துவிடுவான்! ஜெர்மனில் 'டெர் ஹுண்ட் பைஸ்ட் டென் மன்' என்றாலும் 'டென் மன் பைஸ்ட் டெர் ஹுண்ட்' என்றாலும் கடித்தது நாய்தான். நம் உருபு சொல்லின் வாலில் ஒட்டுகிறது. அவர்களுடையது பெரும்பாலும் சொல்லுக்கு முன்னால் நிற்கும் சிறு சொல்லில் தெரிகிறது. டெர் என்பது டென் ஆயிற்று, பார்த்தீர்களா? அதுதான் அவர்களுடைய 'ஐ'.

வினைச்சொல்லின் இடத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். தனி வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் உட்காரும். 'ஏனென்றால்' என்று காரணம் சொல்லும் துணை வாக்கியத்தில் அது கடைசிக்குப் போய்விடும். 'வைல் இஷ் க்ராங்க் பின்' என்றால், ஏனென்றால் நான் நோயாளியாக இருக்கிறேன் என்று பொருள். இருக்கிறேன் என்ற சொல் நம் வாக்கியத்தைப் போலவே முடிவில் நிற்கிறது.

உண்மையில் தொல்லை கொடுப்பது பால் பாகுபாடு. நமக்கு ஆண்பால், பெண்பால் என்பவை உயர்திணைக்கு உரியவை. கரண்டியும் கத்தியும் அஃறிணை. அவர்களுக்கு எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு. சாப்பாட்டு மேசையில் கரண்டி ஆண், 'டெர் லோஃபெல்'. முள்கரண்டி பெண், 'டீ காபெல்'. கத்தி இரண்டும் இல்லை, 'டாஸ் மெஸ்ஸர்'. சூரியன் பெண்ணாகவும் சந்திரன் ஆணாகவும் இருப்பதைக் கேட்டால் நம் புராணக் கதை கேட்ட பாட்டிமார் சிரிப்பார்கள். சிறுமி என்று பொருள்படும் 'மேட்ஷென்' பெண்பாலாக இல்லை. ஷென் என்ற குறுமை விகுதி எந்தச் சொல்லோடு ஒட்டினாலும் அதைப் பொதுப்பாலாக்கிவிடும் என்பதே காரணம். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின் இந்தப் பாலைக் கேலி செய்தே 1880இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். கேலி செய்யலாம், ஆனால் மனப்பாடம் செய்யாமல் தீராது.

கடிதத்தால் இவ்வளவையும் கற்பிக்க முடிந்தது. முடியாமல் போனது ஒன்று, ஒலி. சற்று முன் நாம் 'இஷ்' என்று சொன்னோமே, அந்த ஒலிக்குச் சரியான எழுத்து தமிழில் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. எத்தனை குறி போட்டாலும் காதால் கேட்காமல் நாவுக்கு வராது. லிங்குவாஃபோன் என்ற நிறுவனம் 1901இல் லண்டனில் தொடங்கிப் பேச்சுப் பதிவோடு மொழிப்பாடம் விற்றது. ஆனால் இசைத்தட்டுப் பெட்டி வாங்க வசதி வேண்டும். ஏழை வீட்டுக்கும் குரலைக் கொண்டுபோனது வானொலிதான். வானொலியில் பேசுகிற நாம் இதைச் சொல்லிக்கொள்வதில் தவறில்லை அல்லவா? ஜெர்மனியின் வெளிநாட்டு ஒலிபரப்பான டாய்ச்ச வெல்ல 1953 மே 3ஆம் நாள் சிற்றலையில் பேசத் தொடங்கியது. பின்னர் அது கெத்தே நிலையத்தோடு சேர்ந்து தயாரித்த பாடத் தொடரில் ஆண்ட்ரியாஸ் என்ற மாணவர் விடுதி ஒன்றில் வேலை செய்துகொண்டே படிப்பார். அவரோடு கண்ணுக்குத் தெரியாத 'எக்ஸ்' என்ற குறும்புக்காரியும் வருவாள். கதை கேட்கிற சுவையில் இலக்கணம் காதில் ஏறியது.

இனி வரலாற்றின் மறுபக்கத்துக்கு வருவோம்.

போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் தொழிற்சாலைகள் பெருகின, ஆள் போதவில்லை. 1955இல் இத்தாலியோடும், 1961இல் துருக்கியோடும், வேறு பல நாடுகளோடும் ஒப்பந்தம் செய்து தொழிலாளரை வரவழைத்தார்கள். 1963 முதல் தென்கொரியாவிலிருந்து சுரங்கத் தொழிலாளரும், அதன் பின் தாதியரும் போனார்கள். வந்தவர்களை 'விருந்தாளித் தொழிலாளர்' என்று அழைத்தார்கள். துருக்கியோடு செய்த முதல் ஒப்பந்தத்தில் இரண்டாண்டு வரம்பும் இருந்தது. 1964இல்தான் அது நீங்கியது. திரும்பிப் போகிறவனுக்கு இலக்கணம் எதற்கு என்ற எண்ணம். மொழி கற்பிக்க 1951இலேயே கெத்தே நிலையம் தோன்றியிருந்தது. கட்டணமும் ஓய்வும் உள்ளவர்கள் அங்கே படித்தார்கள். உருக்காலையில் முறை வேலை பார்த்தவருக்கு நாடு தழுவிய முறையான மொழிப்பாடம் இருக்கவில்லை.

அவர்கள் எப்படிப் பேசினார்கள் என்பதை ஹைடெல்பெர்க் பல்கலைக்கழக மொழியியலாளர்கள் 1970களில் ஆராய்ந்தார்கள். ஸ்பானிய, இத்தாலியத் தொழிலாளரின் பேச்சைப் பதிவு செய்து வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துப் பார்த்தார்கள். பல ஆண்டு வாழ்ந்தும் சிலருடைய வாக்கியத்தில் வினை இல்லை, டெர் இல்லை, டீ இல்லை. 'எனக்குப் புரியவில்லை' என்பது 'இஷ் நிக்ஸ் ஃபெர்ஷ்டேயன்' என்று, 'நான் இல்லை புரிய' என்பதுபோல வெளிப்பட்டது. எத்தனை ஆண்டு இருந்தார் என்பதைவிட, ஓய்வு நேரத்தில் ஜெர்மானியரோடு பழகக் கிடைத்ததா என்பதே பெரிதாக இருந்தது. மேற்பார்வையாளர்களோ அவர்களிடம் தாங்களும் உடைந்த மொழியிலேயே பேசினார்கள். 'ஸீ' என்று மரியாதை தர வேண்டிய இடத்தில் 'டூ' என்றார்கள். வளர்ந்த மனிதரை 'நீ' என்று கூப்பிட்டுவிட்டு, அவருக்கு மொழி வரவில்லை என்றும் குறை சொன்னார்கள்.

நேயர்களே, பெரட்டுக் களத்தில் நின்ற நம் பாட்டன்மாருக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியிருக்காது. துரைமார் தோட்டத் தமிழ் கற்கக் கையேடுகள் அச்சாயின; அவற்றில் ஏவல் வினைக்குக் குறைவில்லை. துரையின் மொழியைத் தொழிலாளி கற்க யாரும் கையேடு போட்டதாகத் தெரியவில்லை.

1973 நவம்பரில் மேற்கு ஜெர்மனி ஆள் சேர்ப்பை நிறுத்தியது. வந்தவர்களில் பலர் திரும்பவில்லை; குடும்பம் குட்டியோடு அங்கேயே தங்கினார்கள். 1983 கலவரத்துக்குப் பின் தஞ்சம் தேடிப் போன ஈழத்தமிழர் பலரும் உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே ஜெர்மன் பழகினார்கள். இத்தாலிய ஒப்பந்தம் முடிந்து ஐம்பது ஆண்டு ஆகும் தறுவாயில், 2005 ஜனவரியில்தான், புதிதாகக் குடியேறுகிறவருக்கு 600 பாடவேளை மொழி வகுப்பு உண்டு என்று சட்டம் ஏற்பாடு செய்தது. இவ்வளவு பிந்தி வந்ததே என்று அந்நாட்டிலேயே வருந்திப் பேசினார்கள்.

இதற்குள் மொழித் திறனை அளக்க ஒரு பொது அளவுகோலையும் ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்டிருந்தது. ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். இணையப் பாடங்கள் இந்தப் படிகளின்படியே அமைந்தவை. டாய்ச்ச வெல்ல வானொலியிலிருந்து இணையத்துக்கு வந்து, 'நீக்கோவின் பாதை' என்று பொருள்படும் படக்கதைப் பாடத்தை இலவசமாகத் தருகிறது. ஸ்பெயின் நாட்டு இளைஞன் ஒருவன் விமானநிலையத்தில் பையைத் தொலைத்துவிட்டு, மொழி தெரியாத நாட்டில் திண்டாடுகிறான். லண்டனில் லாங்கென்ஷைட் நின்ற அதே நிலைதான்!

தாதி வேலைக்குப் பொதுவாக பி2 படிவரை கேட்கிறார்கள். ஏ1 என்பது வாசற்படி மட்டுமே. மொழியே வேண்டாம், நாங்கள் ஏற்றி அனுப்புகிறோம் என்று முன்பணம் கேட்கும் முகவர் யாராவது வந்தால், உருக்காலைத் தொழிலாளரின் கதையை அவருக்குச் சொல்லி அனுப்பிவிடுங்கள். ஏ1 தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள் உண்டு. முதல் மூன்றுக்கும் கைப்பேசி ஓரளவு உதவும். பேசுவதற்கு இன்னோர் ஆள் வேண்டும். இரண்டு பிள்ளைகள் சேர்ந்து படித்தால், மாலையில் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கலாம்.

பெயர்ச்சொல்லைத் தனியாக எழுதிப் பழகக் கூடாது. டெர், டீ, டாஸ் என்ற முன்சொல்லோடு சேர்த்தே எழுத வேண்டும். ஆணுக்கு நீலம், பெண்ணுக்குச் சிவப்பு, பொதுப்பாலுக்குப் பச்சை என்று மை மாற்றி எழுதினால் கண்ணே நினைவு வைத்துக்கொள்ளும். அடுக்களையில் மூன்று சிறு தாள்களை ஒட்டித் தொடங்கலாம்: டெர் லோஃபெல், டீ காபெல், டாஸ் மெஸ்ஸர். அம்மா கரண்டியை எடுக்கும்போதெல்லாம் பிள்ளை அதன் பெயரை உரக்கச் சொல்லட்டும்.