மாநக்கவாரமும் மூஸ் ஊர்த் தேவாலயமும்

அந்தமானில் குடியேறி வாழும் நாம், நிக்கோபாரைத் தேங்காயும் கொப்பரையும் வரும் தீவு என்றே நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அத்தீவுகளுக்கும் தமிழகத்துக்கும் உள்ள தொடர்பு ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது. முதலாம் இராசேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பைக் கூறும் மெய்க்கீர்த்தியில் வரும் 'மாநக்கவாரம்' நிக்கோபாரே என்பது அறிஞர் கருத்து.

கிறித்தவமும் அங்கே தமிழ்க் கரையிலிருந்தே சென்றது. தரங்கம்பாடியிலிருந்த தேனியர் 1756-இல் இத்தீவுகளைத் தமதாக்கிக் கொண்டனர். அவ்வூரிலிருந்து புறப்பட்ட மொரேவியத் தொண்டர்கள் 1768-இல் நன்கௌரியில் குடியேறினர். காட்டுக் காய்ச்சல் பலரைப் பலி கொண்டது. 1787-இல் எஞ்சியோரும் திரும்பினர். 1869-இல் தீவுகள் ஆங்கிலேயர் வசமாயின.

தேனியர் விட்ட பணி கார் நிக்கோபாரின் வடகோடியிலுள்ள மூஸ் என்னும் சிற்றூரில் மீண்டும் துளிர்த்தது. அக்காலத்து மூஸ், தேன்கூடு போன்ற கூரையுடன் கால்கள்மேல் நின்ற வட்ட வீடுகளும், 'துஹேத்' எனும் கூட்டுக் குடும்பங்களும், கடலோரத்தில் 'எல்பனம்' எனும் ஊர்ப்பொது இடமும் கொண்டது. 1890-களில் அங்கே அரசு முகவராகவும் உபதேசியாராகவும் சென்றவர் வேதப்பன் சாலமோன் என்னும் தமிழர். அவர் பள்ளி நடத்தினார். அம்மக்களின் வழக்கங்களை நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அக்குறிப்புகள் பிற்கால ஆராய்ச்சியாளருக்கு அரிய சான்றாயின.

அவர் பேணி வளர்த்த சிறுவருள் ஒருவரே ஜான் ரிச்சர்ட்சன். பர்மாவில் கல்வி கற்று, 1912-இல் தம் தீவுக்கு ஆசிரியராகத் திரும்பினார். உரோமன் எழுத்தில் நிக்கோபாரி மொழி ஏட்டில் ஏறவும், திருமறை அம்மொழியில் வரவும் அவர் பெரிதும் உழைத்தார். 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியில் அம்மக்கள் பட்ட துயரம் சொல்லுந்தரமன்று, பலர் உயிரிழந்தனர். எனினும் அவ்வூர்ச் சபை சிதறவில்லை. 1950-இல் ரிச்சர்ட்சன் பேராயரானார். 1952-இல் முதல் மக்களவையிலும் இடம்பெற்றார். மூஸ் ஊரின் தூய தோமா ஆலயம் பேராலயமெனும் சிறப்பெய்தியது. அவர் 1978-இல் மறைந்தார்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கரையோர ஊர்களைச் சூறையாடியது. தப்பியோர் மேட்டு நிலத்தில் வீடமைத்தனர். வழிபாட்டுக்கும் அங்கேயே இடம் கண்டனர்.

பழங்குடியினர் காப்புச் சட்டத்தால், இசைவுச் சீட்டின்றி நாம் அங்கே செல்ல இயலாது. அது நியாயமே, அம்மண் அவர்களுடையது. ஆயினும் சோழன் படையொடு சென்ற திசையிலேயே, ஏட்டோடு சென்ற தமிழர் ஒருவரும் இருந்தார் என்பதை நாம் மறக்கலாகாது. முன்னவனை நம் பிள்ளைகள் பாடநூலில் படிப்பார்கள். பின்னவரின் பெயரை நாமே சொல்லாவிடில் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? வேற்று மண்ணில் வாழும் நமக்கு, அம்மண்ணின் மக்களை மதித்து வாழ்ந்த அவரே நல்ல முன்மாதிரி.