ஏடு அறிந்த கணவர், ஊர் அறிந்த மனைவி: தேவசகாயம் – ஞானப்பூ அம்மாள் வரலாறு

முன்னுரை

மலாக்காவில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கருக்குப் புனித சவேரியார் அயலார் அல்லர். அவர் 1545ஆம் ஆண்டில் மலாக்காவுக்கு வந்தார். 1552ஆம் ஆண்டின் இறுதியில் சீனக் கடற்கரைத் தீவொன்றில் மறைந்தபின், அவரது உடல் 1553இல் சில மாதங்கள் மலாக்காவின் புனித பவுல் குன்றிலுள்ள கோயிலில் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. பின்னரே கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. 1849ஆம் ஆண்டில் இந்நகரில் கட்டத் தொடங்கிய கோயிலும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. மலாக்காவுக்கு வருமுன் அவர் சமயப் பணியாற்றிய தென் திருவிதாங்கூரிலும், கோட்டாற்றில், அவர் பெயரால் ஒரு கோயில் உண்டு. 1752ஆம் ஆண்டில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் அக்கோயிலில்தான் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். அவருடைய மனைவி ஞானப்பூ அம்மாளின் கல்லறையோ மலைக்கு அப்பால் வடக்கன்குளத்தில் உள்ளது.

2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் உரோமையில் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஞானப்பூ அம்மாளுக்கு அப்பட்டம் வழங்கப்படவில்லை. ஆயினும், கணவரின் வரலாற்றை நினைவுகூரும் ஊரார் மனைவியையும் சேர்த்தே போற்றுகின்றனர். ஒரே இல்லறத்தில் வாழ்ந்த இருவருள் ஒருவரை ஏடு அறிந்ததும் மற்றவரை ஊர் மட்டுமே அறிந்ததும் எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

வரலாற்றுப் பின்புலம்

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினி 1641ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றிப் போர்த்துக்கீசியர் ஆட்சிக்கு முடிவு கட்டியது. கத்தோலிக்கரின் பொது வழிபாடு ஒடுக்கப்பட்டது. கெடுபிடி தளர்ந்த பின்னரே, 1710இல், இங்குப் புனித பேதுரு கோயில் எழுந்தது. அதே கும்பினியின் படை 1741ஆம் ஆண்டு குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரிடம் தோல்வியுற்றது. சிறைப்பட்டவர்களுள் டி லனாய் என்ற படைத்தலைவரும் ஒருவர். கத்தோலிக்கரான அவர் பின்னர்த் திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பை ஏற்றார். அவர் வழியாகவே அரண்மனை அலுவலர் நீலகண்டபிள்ளை கிறித்துவத்தை அறிந்தார். மலாக்காவில் கத்தோலிக்க சமயத்தை ஒடுக்கிய கும்பினியின் படைவீரர் ஒருவரே திருவிதாங்கூரில் அச்சமயத்திற்கு ஒரு மறைசாட்சி தோன்றக் காரணமாயினார் என்பது எண்ணிப்பார்க்கத் தக்கது.

நீலகண்டபிள்ளை 1712ஆம் ஆண்டில் நட்டாலத்தில் பிறந்தவர். கால்நடையும் பயிரும் அழிந்து மனம் நொந்திருந்த வேளையில் டி லனாய் அவருக்கு விவிலியத்தின் யோபு வரலாற்றை எடுத்துரைத்தார் என்பது மரபு. 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில், பரஞ்சோதிநாதர் எனத் தமிழில் அழைக்கப்பட்ட இயேசு சபைத் துறவி புத்தாரி அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். வடக்கன்குளம் அன்று திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே இருந்தது. மன்னரின் அலுவலர் ஒருவர் மதம் மாற அவ்வூரை நாடியதன் காரணத்தை இதனால் உணரலாம்.

அவர் மனைவி பார்கவி அம்மாளும் அவ்வூரிலேயே திருமுழுக்குப் பெற்றார். கணவருக்கு இடப்பட்ட லாசர் என்னும் பெயர் ‘கடவுள் உதவினார்’ என்னும் பொருளுடையது. தேவசகாயம் என்பது அதன் நேர் பெயர்ப்பு. மனைவிக்குத் தெரேசா என்ற பெயர் இடப்பட்டது. ஆனால், ஞானப்பூ என்பது அப்பெயரின் மொழிபெயர்ப்பன்று. தமிழ் மரபில் தனியே மலர்ந்த பெயர்.

1749ஆம் ஆண்டு பிப்ரவரியில் தேவசகாயம் கைது செய்யப்பட்டார். எருமை மீது ஏற்றி ஊர்தோறும் கொண்டு செல்லப்பட்டு அவமதிக்கப்பட்டார். ஏறத்தாழ மூன்றாண்டுகள் துன்புற்றபின், 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சமய மாற்றமே தண்டனைக்குக் காரணம் என்பது திருச்சபையின் முடிவு. அரசுக் குற்றமே காரணம் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உளர். ஆய்வாளர் இரு தரப்பையும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஞானப்பூ அம்மாளின் துறவு

ஞானப்பூ அம்மாள் உறவினரின் சினத்திற்கு அஞ்சி வடக்கன்குளத்திலேயே தங்கினார் என்றும், கணவர் மறைந்தபின் பதினான்கு ஆண்டுகள் செபத்தில் கழித்து 1766இல் மறைந்தார் என்றும் மரபு கூறுகிறது. இச்செய்தி இரண்டொரு வரிகளிலேயே முடிந்துவிடுகிறது. எனினும், அவ்வரிகளுக்குள் அடங்கிய இழப்பின் அளவை நாம் உய்த்துணர இயலும். மருமக்கள்தாய முறை வழங்கிய சமூகத்தில் ஒரு பெண்ணின் உரிமையும் பாதுகாப்பும் அவள் தாய்வீட்டைச் சார்ந்தவை. அவ்வீட்டைத் துறந்து வேற்று நாட்டுக்குச் செல்பவள் சோற்றுக்கும் நிழலுக்கும் பிறரை நாட நேரும். கணவர் பதவியையும் உயிரையும் இழந்தார். மனைவி பிறந்த வீட்டையும் கணவரையும் இழந்து உயிரோடு இருந்தார். முன்னது ஒரு நாளில் முடிந்தது. பின்னது பல்லாண்டு நீடித்தது.

ஆரல்வாய்மொழி, திருவிதாங்கூரின் எல்லையில் அமைந்த கணவாய். அதன் ஒருபுறம் கணவர் சிறையிருந்தார். மறுபுறம் மனைவி வாழ்ந்தார். இவ்விருவரின் இல்லறத்தை ஓர் அரசெல்லையே பிரித்து நின்றது எனலாம்.

ஏடும் நினைவும்

கணவரின் இறப்பு ஏட்டில் ஏறியது. கொச்சி ஆயர் 1756ஆம் ஆண்டில் உரோமைக்கு அனுப்பிய அறிக்கை அதனைக் குறிப்பிட்டது. மறைசாட்சியத்திற்கு ஒரு நாள், ஓர் இடம், ஒரு தண்டனை உண்டு. ஆதலின் அதனைச் சான்றுகளால் நிறுவலாம். 2012 டிசம்பரில் நாகர்கோவிலில் தேவசகாயம் அருளாளர் ஆனதும் இவ்வழியிலேயே. பொறுமையாக வாழ்ந்து முடித்த கைம்பெண்ணின் வாழ்வுக்கு அத்தகைய சான்று எளிதில் அமைவதில்லை.

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய நிலையன்று. 1622ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் உரோமையில் ஐவர் புனிதராக அறிவிக்கப்பட்டனர். சவேரியார், அவிலா தெரேசா ஆகியோருடன் மத்ரித் நகரத்து உழவுத் தொழிலாளி இசிதோரும் அவர்களுள் ஒருவர். அவர் மனைவி மரியாவின் வணக்கத்திற்குத் திருச்சபை ஒப்புதல் அளித்தது 1697இல்தான். கணவருக்குப் பின் மனைவி எழுபத்தைந்து ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

பிரெஞ்சு நாட்டு லூயி மார்த்தேன், செலி இணையரின் வரலாறு இதற்கு மாறானது. 1858இல் அலான்சோனில் மணம் புரிந்த இவர்கள் 2015 அக்டோபர் 18ஆம் நாள் ஒருசேரப் புனிதராக அறிவிக்கப்பட்டனர். இவ்வாறு ஒன்றாக அறிவிக்கப்பட்ட முதல் தம்பதியர் இவர்களே. செலி பின்னல் சரிகைத் தொழில் நடத்தியவர்; அவர் எழுதிய இருநூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் கிடைத்துள்ளன. அவர்தம் மகள் தெரேசாவும் எழுத்தால் புகழ் பெற்றவர். எழுதத் தெரிந்து, எழுதியது பேணப்பட்ட இல்லத்தில் மனைவியின் குரல் நமக்குக் கேட்கிறது. ஞானப்பூ அம்மாளின் கடிதம் ஒன்றும் நம் கைக்கு எட்டவில்லை. செலிக்கும் ஞானப்பூவுக்கும் இடையே நாம் காணும் வேறுபாடு புனிதத்தின் வேறுபாடன்று. ஆவணத்தின் வேறுபாடே என்பது நம் துணிபு.

ஆவணம் கைவிட்ட இடத்தில் ஊர் நினைவு கைகொடுத்தது. தேவசகாயத்தின் வரலாறு நாட்டுக்கூத்தாகக் கடல் கடந்து ஈழத்துக் கத்தோலிக்க ஊர்களிலும் ஆடப்பட்டது. வடக்கன்குளத்தில் ஞானப்பூவின் பெயர் மறக்கப்படாமல் நின்றது. யோபுவின் மனைவிக்கு விவிலியம் ஒரு பெயரும் தரவில்லை. யோபுவின் கதை கேட்டு மனம் மாறியவரின் மனைவிக்கோ ஊரார் ஓர் அழகிய தமிழ்ப் பெயரைக் காத்து வைத்தனர்.

முடிவுரை

மலாக்கா மாநிலத்து ஆசிரியர்களுக்கு இவ்வரலாறு தொலைவானதன்று. 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கிலும் அதனையடுத்துப் புக்கிட் அசகானிலும் ரப்பர் பயிரிடப்பட்டது. அதன்பின் விரிந்த தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாக வந்தனர். கத்தோலிக்கரும் அவர்களுள் இருந்தனர். விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்று, பால் மரம் வெட்டி, பிள்ளைகளை வளர்த்த பெண்களைத் தோட்டக் கணக்கேடுகள் பெயராகவும் கூலித் தொகையாகவும் மட்டுமே காட்டும். தாய்வீட்டை விட்டுக் கடல் கடந்தது ஏன், எதைத் துறந்தனர், எதனைப் பற்றி நின்றனர் என்பன அவ்வேடுகளில் இல்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்துவிட்ட இந்நாளில் அந்நினைவுகளைக் காக்க ஊரும் இல்லாமற்போகிறது. எனவே, தமிழ்ப்பள்ளி மாணவர் தம் பாட்டிமாரிடம் கேட்டு எழுதும் ஒவ்வொரு பக்கமும் வரலாற்றுச் சான்றாகும் என்பதை ஆசிரியர்கள் உணர்த்த வேண்டும். ஞானப்பூ அம்மாளைப் பற்றி நம்மிடம் எஞ்சியிருப்பவை மூன்று பெயர்களும் ஒரு கல்லறையும் சில வரிகளுமே. நம் தோட்டத்துப் பெண்களைப் பற்றி அவ்வளவேனும் எஞ்சுமாறு செய்வது நம் தலைமுறையின் கடமை.