கடை வாசலும் கைத்துப்பாக்கியும்

கடை என்பது விந்தையானதோர் இடம். அதன் கதவு ஊர் முழுவதற்கும் திறந்திருக்கிறது. ஆயினும் அது ஒருவருக்கு உரிமையான இடமாகும். பிறர் வீட்டுக்குள் நுழைவோர் வாசலில் நின்று குரல் கொடுக்கின்றனர். கடைக்குள் நுழைவோர் எவரையும் கேட்பதில்லை. வருக என்னும் சொல் அங்கே சொல்லாமலே சொல்லப்பட்டிருக்கிறது. அந்தச் சொல்லாத வரவேற்பு எதுவரை செல்லும்? வருபவரின் இடுப்பிலிருக்கும் துப்பாக்கிக்கும் அது பொருந்துமா? அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக இவ்வினா மீண்டும் மீண்டும் எழுந்து வந்திருக்கிறது. கல்லாவில் அமர்ந்திருப்பவரின் மனநிலை நம் வாசகர் பலருக்குப் பழக்கமான ஒன்றாதலின், அவ்வினாவின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண விழைகிறோம்.

முதலில் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் 1791ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஆயுதம் வைத்திருக்கவும் தாங்கிச் செல்லவும் மக்களுக்குள்ள உரிமை அதில் கூறப்பட்டிருக்கிறது. ஆனால் அத்திருத்தம் கட்டுப்படுத்துவது அரசாங்கத்தையே, கடைக்காரரை அன்று. தம் கடைக்குள் துப்பாக்கியோடு வரலாகாது என்று கூற ஓர் உரிமையாளருக்கு அதிகாரம் உண்டு. ஆகவே இந்த வரலாறு இரண்டு உரிமைகள் ஒரே வாசற்படியில் சந்தித்துக்கொண்ட வரலாறு எனலாம்.

திரைப்படங்கள் காட்டும் மேற்கு அமெரிக்கா வேறு; வரலாறு காட்டும் மேற்கு அமெரிக்கா வேறு. கான்சாஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டி, மாட்டு மந்தைகளை ஓட்டிவரும் முரட்டு வாலிபர்கள் வந்து தங்கும் ஊர். 1870களின் இறுதியில் அதன் கடைவீதியில் எடுக்கப்பட்ட நிழற்படம் ஒன்றில், துப்பாக்கி ஏந்திச் செல்வது கண்டிப்பாகத் தடுக்கப்பட்டுள்ளது என்னும் பெரும் பலகை காணப்படுகிறது. அதே பலகையில் ஒரு மருந்துக்கான விளம்பரமும் இருக்கிறது! வியாபாரம் தழைக்க வேண்டுமாயின் ஆயுதம் அடங்கியிருக்க வேண்டும் என்பதை அவ்வூர் வணிகர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரில் 1881 ஏப்ரலில் ஒரு விதி இயற்றப்பட்டது. ஊருக்குள் வருவோர் தம் ஆயுதங்களைக் குதிரை லாயத்திலோ தங்கும் விடுதியிலோ மதுக்கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். அதே ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள், அவ்விதியை மீறிய ஐக் கிளாண்டன் என்பவரிடமிருந்து நகரக் காவல் தலைவர் விர்ஜில் எர்ப் ஆயுதங்களைப் பறித்தார். நீதிமன்றம் அவருக்கு 25 டாலர் அபராதம் விதித்தது. அன்று பிற்பகல் ஐக்கின் கூட்டத்தாரிடமிருந்தும் ஆயுதங்களை வாங்கப் போன இடத்தில் சண்டை மூண்டது. பழம்பகையும் அதனோடு சேர்ந்துகொண்டது. அரை நிமிட அளவில் சுமார் 30 குண்டுகள் பாய்ந்து மூவர் மாண்டனர். வீர காவியமாகப் பிற்காலத்தார் கொண்டாடும் அச்சண்டையின் உடனடிக் காரணம், வாசலில் ஆயுதத்தை வைத்துவிட்டு வா என்ற ஒரு சிறு விதியே என்பது நினைவுகூரத் தக்கது.

இனி நூறாண்டுகளைக் கடந்து டெக்சாஸ் மாநிலத்துக்கு வருவோம். அங்கே கில்லீன் என்னும் ஊரில், லூபிஸ் உணவகத்தில் 1991 அக்டோபர் 16ஆம் நாள் நண்பகலில் ஒருவன் தன் வண்டியைச் சுவரை உடைத்து உள்ளே செலுத்தினான். இறங்கி, உணவருந்திக்கொண்டிருந்தோரைச் சுட்டான். 23 பேர் உயிரிழந்தனர். பெற்றோருடன் அங்கிருந்த சுசானா ஹப் என்னும் பெண்மணி ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். ஆனால் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதை அன்றைய மாநிலச் சட்டம் தடுத்திருந்தமையால், அதைத் தம் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அவருடைய தாயும் தந்தையும் அங்கேயே கொல்லப்பட்டனர். சட்டத்துக்குக் கீழ்ப்படிந்ததற்கு நான் கொடுத்த விலை இது என்று அவர் மன்றங்கள்தோறும் சென்று முறையிட்டார். பின்னர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். உரிமம் பெற்றோர் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல இசைவளிக்கும் சட்டம் 1995இல் அம்மாநிலத்தில் நிறைவேறியது.

இந்நிகழ்ச்சியை அறியாமல் துப்பாக்கி உடையோரின் உள்ளத்தை நாம் அறிய இயலாது. கடை வாசலில் தொங்கும் தடைப் பலகையை அவர்கள் காணும்போது, கொலைகாரன் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போவதில்லை, சட்டத்தை மதிப்பவனே திரும்பிப் போகிறான் என்று எண்ணுகின்றனர். அவ்வெண்ணத்தில் வலுவில்லை என்று எளிதில் தள்ளிவிட முடியாது.

டெக்சாஸ் சட்டம் அப்பலகைக்கும் ஓர் இலக்கணம் வகுத்தது. 1997இல் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, தடையறிவிப்பு ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் இருக்க வேண்டும். எழுத்துகள் ஓர் அங்குல உயரத்துக்குக் குறையலாகாது. பின்னணியினின்று வேறுபட்ட நிறத்தில் அமைய வேண்டும். வாசகமும் சட்டம் சொன்னபடியே இருக்க வேண்டும். துப்பாக்கி உடையோர் இதை நுணுகிக் கற்றனர். முறைப்படி அமையாத பலகை தங்களைக் கட்டாது என்றனர். முறைப்படி அமைந்த பலகையைக் கண்ட சிலர், துப்பாக்கிக்கு இடமில்லையெனில் எங்கள் பணத்துக்கும் இடமில்லை என்ற கருத்தமைந்த சிறு அட்டையைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வேறு கடை நாடினர். இது கண்ணியமான எதிர்ப்பு என்றே நாம் கருதுகிறோம். வாடிக்கையாளருக்கு இறைவன் கால்களைக் கொடுத்திருக்கிறான். பிடிக்காத கடையை விட்டு நடந்து போக அவை போதும்.

ஆனால் வேறொரு வகையான மறுமொழியும் எழுந்தது. கலிபோர்னியா மாநிலத்தில் அந்நாளில் குண்டு நிரப்பாத துப்பாக்கியை வெளிப்படையாக இடுப்பில் செருகிச் செல்லச் சட்டம் இடங்கொடுத்தது. 2010இன் தொடக்கத்தில் சிலர் அவ்வாறு ஆயுதம் தரித்துக் காப்பிக் கடைகளில் கூடலாயினர். சில நிறுவனங்கள் வேண்டாம் என்றன. ஸ்டார்பக்ஸ் நிறுவனமோ, அந்தந்த இடத்துச் சட்டம் எதுவோ அதுவே எங்கள் வழி என்று கூறி ஒதுங்கி நின்றது. உடனே இரு தரப்பாரும் அந்நிறுவனத்தைத் தம் களமாக்கிக்கொண்டனர். 2012 பிப்ரவரி 14ஆம் நாள் துப்பாக்கி எதிர்ப்பாளர்கள் அதைப் புறக்கணிக்க அழைத்தபோது, துப்பாக்கி ஆதரவாளர்கள் திரண்டு சென்று காப்பி வாங்கினர். இரண்டாம் திருத்தத்தின் அடையாளமாக இரண்டு டாலர் நோட்டுகளைக் கொடுத்தனர். இதற்கிடையில் கலிபோர்னிய அரசு விழித்துக்கொண்டது. குண்டில்லாக் கைத்துப்பாக்கியை வெளிப்படையாகத் தரிப்பதையும் தடுக்கும் சட்டம் 2011இல் இயற்றப்பட்டு, 2012 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. காட்டப்போய்க் கைவிட்டுப் போன உரிமை அது.

2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்து நியூடவுன் நகரப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாளை ஸ்டார்பக்ஸுக்கு நன்றி பாராட்டும் நாளாகத் துப்பாக்கி ஆதரவாளர்கள் குறித்தனர். அன்று நியூடவுன் கடைக்கும் அவர்கள் வரவிருந்தமையால், நிறுவனம் அக்கடையை வழக்கமான நேரத்துக்கு முன்பே மூடிவிட்டது. துயரம் ஆறாத ஊர் ஒன்றில் நன்றி சொல்ல எவரும் துப்பாக்கியோடு போவரோ என்று நமக்குத் தோன்றுகிறது.

செப்டம்பர் 17ஆம் நாள் நிறுவனத் தலைவர் ஹோவர்டு ஷுல்ட்ஸ் ஒரு வெளிப்படை மடல் வெளியிட்டார். எங்கள் கடைகளுக்குத் துப்பாக்கி கொண்டுவர வேண்டாம் என்று அதில் வேண்டிக்கொண்டார். அது வேண்டுகோளே, தடை அன்று. தடை விதிக்காமைக்கு அவர் இரு காரணம் கூறினார். பொறுப்புள்ள துப்பாக்கி உடையோர் தாமாகவே மதித்து நடக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்பது ஒன்று. தடை விதித்தால் ஆயுதம் தரித்த வாடிக்கையாளரைத் தம் ஊழியரே எதிர்கொண்டு தடுக்க நேரும், அவ்வேலையை அவர்கள்மேல் சுமத்தலாகாது என்பது மற்றொன்று. இவ்விரண்டாம் காரணத்தை வாசகர்கள் ஊன்றி நோக்க வேண்டுகிறோம். காப்பி ஊற்றிக் கொடுக்கும் இளம் பெண் ஒருத்தி, துப்பாக்கியோடு நிற்பவரை நோக்கி வெளியே போங்கள் என்று எவ்வாறு சொல்வாள்? கடைக்காரரின் உரிமை ஏட்டில் முழுமையானது; வாசலில் அது ஊழியரின் நடுங்கும் குரலாக முடிகிறது.

இப்பாடத்தை எல்லாரும் கற்கவில்லை. டெக்சாஸில் அந்நாளில் கைத்துப்பாக்கியை வெளிப்படையாகத் தரிக்கச் சட்டம் இடந்தரவில்லை. நீள்துப்பாக்கிக்கு அத்தடை இல்லை. இம்முரண்பாட்டை எடுத்துக்காட்டவென 2014இல் சிலர் நீள்துப்பாக்கிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு உணவகங்களுக்கும் கடைகளுக்கும் சென்று நிழற்படம் எடுத்துக்கொண்டனர். சிபோட்லே உணவகம் மே மாதத்தில் வேண்டாம் என்றது. டார்கெட் நிறுவனம் ஜூலை 2ஆம் நாள், சட்டம் அனுமதிக்கும் இடங்களிலும் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. துப்பாக்கி உடையோரின் பேரமைப்பாகிய தேசிய ரைபிள் சங்கத்தின் அரசியல் பிரிவே அச்செயலைப் பழித்து ஓர் அறிக்கை விடுத்தது. சினமுற்ற சிலர் அச்சங்கத்தின் உறுப்பினர் அட்டைகளை வெட்டி எறிந்தனர். சில நாள்களில் சங்கம் அவ்வறிக்கையை ஓர் ஊழியரின் தவறு என்று கூறித் திரும்பப் பெற்றது. ஆயினும் பிளவு வெளிப்பட்டுவிட்டது. ஆடைக்குள் மறைத்துக்கொண்டு எவருக்கும் தெரியாமல் வந்து பொருள் வாங்கிச் செல்வோர் ஒரு பக்கம். ஊரறியக் காட்டுவதே உரிமை என்போர் மறுபக்கம்.

அவ்வுரிமை எல்லாருக்கும் ஒரே அளவாக இருந்ததா? அதே 2014இன் ஆகஸ்டு 5ஆம் நாள், ஒஹாயோ மாநிலத்துப் பீவர்கிரீக் நகரின் வால்மார்ட் கடையில், விற்பனைக்கு வைத்திருந்த காற்றுத் துப்பாக்கியொன்றைக் கையிலெடுத்து நடந்த 22 வயதுக் கறுப்பின இளைஞர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். உண்மையான துப்பாக்கியையே வெளிப்படையாக ஏந்தச் சட்டம் அனுமதித்த மாநிலம் அது. ஏட்டிலுள்ள உரிமை எவர் கையில் எவ்வாறு காணப்படுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

2019 ஆகஸ்டு 3ஆம் நாள் டெக்சாஸின் எல் பாசோ நகர வால்மார்ட் கடையில் ஒருவன் நடத்திய படுகொலையில் 23 உயிர்கள் பலியாயின. ஐந்து நாள் கழித்து, மிசௌரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 20 வயது இளைஞன் ஒருவன் குண்டு துளைக்காக் கவசம் அணிந்து, துப்பாக்கியோடும் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளோடும் இன்னொரு வால்மார்ட் கடைக்குள் நுழைந்தான். தன் உரிமையை அக்கடை மதிக்கிறதா என்று சோதிக்க வந்ததாகப் பின்னர்க் கூறினான். கடை மேலாளர் தீயெச்சரிக்கை மணியை ஒலிக்கச் செய்தார், மக்கள் ஓடினர். அவனைத் துப்பாக்கிமுனையில் நிறுத்தியவர், பணியில் இல்லாத ஒரு தீயணைப்பு வீரர். அவரும் துப்பாக்கி உடையவரே. ஒரே வாசலில் அவ்வுரிமையின் இரு முகங்களையும் அன்று உலகம் கண்டது.

அவ்வாண்டு செப்டம்பர் 3ஆம் நாள் வால்மார்ட், கைத்துப்பாக்கிக் குண்டுகளின் விற்பனையை நிறுத்தப்போவதாக அறிவித்து, வெளிப்படையாக ஆயுதம் தரித்து வர வேண்டாம் என்றும் வேண்டியது. உரிமம் பெற்று மறைத்துக் கொண்டுவருவோரை அது தடுக்கவில்லை. குரோகர், வால்கிரீன்ஸ் முதலிய நிறுவனங்களும் அவ்வாறே வேண்டின. தேசிய ரைபிள் சங்கம் கடுமையாகக் கண்டித்தது. எனினும் வேண்டுகோள்கள் நிலைத்தன.

வினாவின் வேர் பின்னரே நீதிமன்றத்துக்கு வந்தது. பொது இடங்களில் துப்பாக்கி தாங்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் உறுதி செய்தது. அதன்பின் நியூயார்க், ஹவாயி போன்ற மாநிலங்கள் ஒரு புது வழி கண்டன. கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லாதவரை கொண்டுவரலாம் என்பது பழைய முறை. கடைக்காரர் வரலாம் என்று வெளிப்படச் சொன்னாலன்றிக் கொண்டுவரலாகாது என்பது புதிய முறை. நியூயார்க்கின் விதியைப் பொதுமக்கள் வந்துபோகும் கடைகளைப் பொறுத்தவரை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. ஹவாயியின் விதியை வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024இல் ஏற்றது. மாவி தீவைச் சேர்ந்த துப்பாக்கி உடையோர் தொடுத்த அவ்வழக்கை விசாரிக்க 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இசைந்தது. கடைக்காரரின் மௌனம் சம்மதமா, மறுப்பா? அத்தனை வாதங்களும் இந்த ஒரு கேள்வியில் வந்து நின்றன.

மௌனம் சம்மதம் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆனால் அச்சத்தால் விளைந்த மௌனமும் சம்மதமாகுமா என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இவ்வரலாற்றில் பெருநிறுவனங்களே தடை என்னும் சொல்லைத் தவிர்த்து வேண்டுகோள் என்னும் சொல்லைத் தேடின என்றால், தெருமுனையில் தனியே கடை நடத்துபவர் எந்தத் துணிவில் வாய் திறப்பார்? அவருக்கு வருபவரின் இடுப்பு தெரிகிறது, உள்ளம் தெரிவதில்லை. காவலுக்கு வந்தவரும் கொல்ல வந்தவரும் கதவைத் திறக்கும் கணத்தில் அவர் கண்ணுக்கு ஒரே தோற்றத்தினரே.

கில்லீனில் பெற்றோரை இழந்த மகளின் துயரம் மெய்யானது. கல்லாவில் அமர்ந்திருப்பவரின் நடுக்கமும் மெய்யானது. இரண்டுக்கும் நீதம் வழங்கச் சட்டம் இன்னும் எத்தனை பலகைகளை எழுதினாலும் போதாது. அடக்கத்தோடு வந்து சென்றவர்களின் உரிமைக்கு இவ்வரலாற்றில் பெரும்பாலும் ஊறு நேரவில்லை. காட்சிப்படுத்த வந்தவர்களே தமக்கும் பிறருக்கும் கதவுகளை அடைத்தனர். பிறர் வாசலில் நிற்கும்போது, என் உரிமை எவ்வளவு என்று கேட்பதற்கு முன், உள்ளே இருப்பவர் அஞ்சாமல் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இருக்கிறாரா என்று கேட்பதே முறை. அந்நிலையில் கிடைக்கும் வரவேற்பே வரவேற்பாகும்.