துணியில் ஒட்டிய நீலம்: கார் மெழுகின் நூறு வருஷக் கதை

இன்றைய எபிசோடை ஒரு பழைய பனியன் துணியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கள் வீட்டில் நீல நிற பிரீமியர் பத்மினி ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா அதைக் கழுவி, ரப்பிங் காம்பவுண்ட் போட்டு, பனியன் துணியால் தேய் தேய் என்று தேய்ப்பார். அதற்கு மேல் மெழுகு பாலிஷ். முடிக்கும்போது துணி முழுக்க நீலமாகியிருக்கும். அழுக்குதான் நீலமாக வருகிறது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். வண்டியை விற்கும்போதுதான் விஷயம் புரிந்தது. வாங்க வந்தவர் பானெட் ஓரத்தில் விரலை வைத்தார். நீலத்துக்கு நடுவில் செங்கல் நிறத்தில் ஒரு கோடு, அடியிலிருந்த ப்ரைமர். "தேய்ச்சே காலி பண்ணிட்டீங்களே சார்" என்று சொல்லி விலையைக் குறைத்தார். அப்பா ஒன்றும் பேசவில்லை.

பல வருஷம் கழித்து நான் அதற்கு நேர் எதிரான தப்பைச் செய்தேன். செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கினேன். பழைய ஓனர் விடாமல் மெழுகு போட்டுப் பார்த்துக்கொண்ட வண்டி. அதற்கு செராமிக் கோட்டிங் போடக் கொடுத்தேன். காலையில் விட்டேன், மதியம் ரெடி என்று போன் வந்தது. சந்தோஷமாக எடுத்து வந்தேன். அடுத்த மழையிலேயே குட்டு உடைந்துவிட்டது. பானெட்டில் ஒரு பக்கம் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. பக்கத்திலேயே ஒரு பெரிய திட்டில் தகடு மாதிரி ஒட்டிக் கிடந்தது. இன்னொரு கடையில் காட்டினேன். அங்கே இருந்தவர் தடவிப் பார்த்துவிட்டு, "அடியில இருந்த மெழுகை எடுக்காமலே மேல போட்டிருக்காங்க" என்றார்.

அப்பா எடுக்கக் கூடாததையும் எடுத்தார். என் வண்டியில் எடுக்க வேண்டியதையே எடுக்கவில்லை. அப்போ, புதுசாக ஒன்றைப் பூசுவதற்கு முன்னால் பழசை எவ்வளவு எடுக்கணும்? இந்தக் கேள்வியைத் தேடிப் போனபோது எனக்குக் கிடைத்தது ஒரு வரலாறு. கார் பெயிண்ட் மாறின ஒவ்வொரு முறையும் இதற்கான பதிலும் மாறியிருக்கு.

முதலில் கார்களுக்கு என்று தனியாகப் பெயிண்டே கிடையாது. குதிரை வண்டிக்குப் பூசிய எண்ணெய் வார்னிஷைத்தான் காருக்கும் பூசினார்கள். ஆளிவிதை எண்ணெயும் இயற்கைப் பிசினும் கலந்தது. பிரஷ்ஷால் ஒரு கோட் அடிப்பது, காயவிடுவது, தேய்ப்பது, மறுபடி அடிப்பது. ஒரு நல்ல காருக்குப் பெயிண்ட் வேலை முடிய வாரக்கணக்கில் ஆகும். அவ்வளவு பாடுபட்ட வார்னிஷ் வெயிலில் சீக்கிரமே மங்கிப்போகும்.

1910இல் சிகாகோவில் ஆரம்பித்த ஒரு வியாபாரம் இந்த இடத்தில்தான் நுழைகிறது. அதன் சரக்கின் பெயர் சைமனைஸ். அமெரிக்காவில் அது எவ்வளவு பரவியது என்றால், காருக்கு மெழுகு போடுவதற்கே 'சைமனைஸ் பண்ணுவது' என்று பெயர் வந்து, அந்த வினைச்சொல் ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. நம்ம ஊரில் எந்த நகல் எடுத்தாலும் 'ஜெராக்ஸ்' என்கிறோமே, அந்த மாதிரி. நான் கவனித்தது வேறொன்று. சைமனைஸ் இரண்டு டப்பாவாக விற்றது. ஒன்று க்ளீனர், இன்னொன்று மெழுகு. முதல் டப்பாவின் வேலையே மேலே மங்கிப்போனதையும் பழைய பூச்சையும் எடுப்பதுதான். அதை முடித்துவிட்டுத்தான் இரண்டாவது டப்பாவைத் திறக்கணும். முதலில் எடு, அப்புறம் பூசு என்ற பாடம் அவ்வளவு பழசு.

அந்தக் கால உயர்ந்த மெழுகுகளின் உயிர்நாடி கார்னௌபா. பிரேசிலின் வடகிழக்கில், சியாரா, பியாவி பக்கம் வளரும் ஒருவகைப் பனை. வறண்ட காலத்தில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க, தன் ஓலை மேல் அது ஒரு மெழுகைப் பூசிக்கொள்ளும். ஓலையை வெட்டிக் காயவைத்து அடித்தால் தூளாக உதிரும். சுமார் 82 முதல் 86 டிகிரி செல்சியஸில்தான் உருகும், மெழுகு வகைகளில் அது அதிகம். 1935இல் ஜான்சன் மெழுகு நிறுவனத்தின் தலைவர் எச்.எஃப். ஜான்சன், இந்த மரம் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்க அமெரிக்காவிலிருந்து பிரேசிலுக்கு ஒரு சிகோர்ஸ்கி விமானத்தில் பறந்து போனார். ஒரு பனைமரத்தை நம்பி ஒரு கம்பெனியே நின்ற காலம் அது. அந்த ஓலையை இன்றைக்கும் வெட்டுவது கூலியாட்கள்தான். அடிமைத்தனத்துக்கு ஒப்பான நிலையில் இருந்த தொழிலாளர்களை கார்னௌபா காடுகளிலிருந்து பிரேசில் தொழிலாளர் ஆய்வாளர்கள் மீட்டது இந்த நூற்றாண்டில் நடந்தது. டப்பாவைத் திறக்கும்போது இதுவும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

அடுத்த திருப்பம் முதல் உலகப் போரிலிருந்து வந்தது. போருக்காக டூபாண்ட் நிறுவனம் நைட்ரோசெல்லுலோஸ் வெடிமருந்தை மலைமலையாகத் தயாரித்தது. போர் முடிந்தபின் அதே வேதிப்பொருளிலிருந்து சீக்கிரம் காயும் பெயிண்ட் ஒன்றை உருவாக்கினார்கள். அதுதான் டூகோ. ஆமாம், நம்ம ஊர் பெயிண்டர்கள் பீரோவுக்கும் கதவுக்கும் ஸ்ப்ரே அடிக்கும்போது இன்றைக்கும் சொல்கிற அதே 'டூகோ'. 1923இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்கள் நீல நிற டூகோவில் வெளிவந்தன. வாரக்கணக்கில் ஆன வேலை மணிக்கணக்குக்குச் சுருங்கியது. வண்ண வண்ணமாகக் கார் விற்பது சுலபமானதும் இதற்கு அப்புறம்தான்.

ஆனால் டூகோவுக்கும் அதன் பிறகு வந்த எனாமலுக்கும் ஒரு குணம் உண்டு. நிறமிதான் மேல் பரப்பிலேயே இருக்கும். வெயில் பட்டு மேல் அடுக்கு செத்துச் சுண்ணாம்புப் பொடி மாதிரி ஆகிவிடும். அதைத் தேய்த்து எடுத்தால் அடியில் புது நிறம் தெரியும். எடுத்த பொடி துணியில் ஒட்டும். எங்க அப்பாவின் துணியில் இருந்த நீலம் அதுதான்! அவர் செய்த முறை தப்பில்லை, சைமனைஸ் காலத்துப் பாடமேதான். வாராவாரம் செய்ததுதான் தப்பு. செத்த பெயிண்ட் தீர்ந்த பிறகும் தேய்த்தார்.

இரண்டாம் உலகப் போர் இன்னொரு பொருளைக் கொடுத்தது. விமானங்களின் மின்சாரப் பாகங்களில் ஈரம் புகாமல் இருக்க சிலிக்கோன் பயன்பட்டது. 1943இல் அதற்காகவே டௌ கார்னிங் என்ற நிறுவனம் உருவானது. போருக்குப் பின் சிலிக்கோன் கார் பாலிஷுக்குள் வந்தது. பூசுவது சுலபம், துடைப்பது சுலபம், பளபளப்பும் அதிகம். இரண்டு டப்பா தேவையில்லை என்று ஆனது. க்ளீனர் என்ற முதல் படி மெல்ல மறைந்தது.

அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் பட்டறைக்காரர்கள். அடிபட்ட வண்டி வரும். பட்டி பார்த்து, தேய்த்து, புதுப் பெயிண்ட் அடிப்பார்கள். ஈரம் காய்வதற்குள் பெயிண்ட் அங்கங்கே விலகிக் குட்டிக் குட்டிப் பள்ளமாகும், மீன் கண் மாதிரி. ஆங்கிலத்திலும் அதன் பெயர் 'ஃபிஷ் ஐ'தான். கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்த சிலிக்கோன் செய்த வேலை. அதன் பரப்பு இழுவிசை ரொம்பக் குறைவு, பெயிண்டால் அதன் மேல் பரவ முடியாது. இதைத் தடுக்கப் பெயிண்டில் கலக்க ஒரு மருந்து வந்தது. அந்த மருந்திலும் இருந்தது சிலிக்கோன்தான்! கடைசியில், உப்புத்தாளைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே மெழுகு நீக்கும் கரைப்பானால் துடைக்கணும் என்பது பட்டறைச் சட்டமாகிவிட்டது. ஏன் முன்னால்? தேய்த்த பிறகு துடைத்தால், சிலிக்கோனைக் கீறல்களுக்குள்ளே நாமே தள்ளிவிட்டிருப்போம்.

1980களில் இன்னொரு பெரிய மாற்றம் பரவியது. நிறம் அடியில், அதன் மேல் கண்ணாடி மாதிரி ஒரு க்ளியர் கோட். இன்றைக்கு நாம் ஓட்டுகிற கார்கள் பெரும்பாலும் இப்படித்தான். இப்போது தேய்த்தால் துணியில் நிறம் வராது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யோசியுங்கள், அப்பாவுக்கு இருந்த ஒரே எச்சரிக்கை மணி அந்த நீலம்தான். நமக்கு அதுவும் இல்லை. க்ளியர் கோட்டின் கனம் பொதுவாக 40, 50 மைக்ரான். ஒரு ஏ4 தாளின் கனத்தில் ஏறக்குறைய பாதி. புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருளும் அதற்குள்தான் இருக்கு. அது தேய்ந்தால் திரும்ப வராது.

அதனால்தான் தேய்க்காமல் எடுக்கும் வழிகளைத் தேட ஆரம்பித்தார்கள். ஜப்பானிலிருந்து வந்த க்ளே பார் அதில் ஒன்று. சோப்புத் தண்ணீர் விட்டு அந்தக் களிமண் கட்டியை நகர்த்தினால், ஒட்டியிருக்கும் இரும்புத்தூள், தார் எல்லாம் அதில் ஏறிக்கொள்ளும். 1990களில் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமைகள் வழங்கப்பட்டன.

சரி, இப்போ என் வண்டிக்கு வருவோம். மெழுகு பெயிண்ட் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒன்று. செராமிக் அப்படியில்லை, வெறும் க்ளியர் கோட்டைப் பிடித்து இறுகுகிற வகை. நடுவில் மெழுகு இருந்தால் அது பிடித்திருப்பது மெழுகைத்தான். மெழுகு போகும்போது அதுவும் கூடவே போகும்.

பாத்திரம் கழுவும் சோப்பு போட்டால் மெழுகு போய்விடும் என்று பலர் சொல்வார்கள். நானும் நம்பினேன். போட்டதும் தண்ணீர் உருளுவது நின்றுவிடும், மெழுகு போச்சு என்று நினைப்போம். பல நேரம் மேலே படிந்த சோப்பின் எச்சம்தான் அதை மறைக்கிறது. மெழுகைக் கரைப்பது ஒயிட் ஸ்பிரிட் மாதிரியான பெட்ரோலியக் கரைப்பான். பாலிமர் சீலண்ட் அதற்கும் முழுசாக அசையாது, லேசான பாலிஷ் தேவைப்படும். இறுகிவிட்ட செராமிக்கை எடுக்கப் பாலிஷ்தான் வழி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கடைசித் துடைப்பு, பாலிஷ் விட்டுப்போன எண்ணெயை எடுக்க.

என் வண்டியை மறுபடி செய்யக் கொடுத்தபோது, கடைக்காரர் முதலில் கனம் அளக்கும் மீட்டரை வைத்து ஒவ்வொரு பேனலாகப் பார்த்தார். பானெட் ஓரத்தில் மட்டும் டேப் ஒட்டினார். "இங்க மெஷின் வேண்டாம் சார், ஓரத்துல எப்பவுமே மெல்லிசா இருக்கும்" என்றார். எனக்கு அந்தச் செங்கல் நிறக் கோடு ஞாபகம் வந்தது. அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "அப்போ ஓரத்துல டேப் ஒட்டியிருந்தா போதுமாயிருந்ததா?"

போதும்ப்பா என்றேன். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.