59 ரூபாயும் ஒரு வெள்ளைத்தாளும்



போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருத்தி போன் செய்தாள். இப்போது அவளுக்கே பத்தாவது படிக்கும் பையன் இருக்கிறான். "டீச்சர், பேங்க் கணக்குல 236 ரூபா எடுத்துட்டாங்க. கேட்டா சார்ஜ்ங்கிறாங்க. இதையெல்லாம் திருப்பிக் கேக்க முடியுமா?" என்றாள். கேட்கலாம் என்றேன். எப்படிக் கேட்பது, கேட்டால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதற்கெல்லாம் ஒரு வரலாறு இருக்கிறது. போனில் சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நம் ஊர்க் கதை.

2018, நான் ஓய்வு பெற்ற வருஷம். ஸ்ரீமுஷ்ணத்தில் பெருமாள் கோயில் பக்கம் நடந்து வரும்போது எங்கள் பள்ளியில் சத்துணவு ஆயாவாக இருந்த அம்மா எதிரே வந்தார். கையில் பாஸ்புக். "டீச்சர், இதுல என்ன எழுதியிருக்கு பாருங்க, மாசாமாசம் காசு குறையுது" என்றார். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் பணம் அனுப்புவதற்காகத் திறந்த கணக்கு அது. பணம் வந்ததும் முழுக்க எடுத்துவிடுவார். பார்த்தால் ஐந்து மாதம் வரிசையாக 59, 59 என்று பற்று. 50 ரூபாய் அபராதம், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 9 ரூபாய். மொத்தம் 295 ரூபாய். காரணம், மினிமம் பேலன்ஸ் இல்லை. இல்லாதவரிடம் இல்லாததற்காக எடுத்த பணம்.

எந்த வங்கி என்று சொல்லப்போவதில்லை, யாரும் கேட்கவும் வேண்டாம். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். "நாங்க எடுக்கலைம்மா, கம்ப்யூட்டரே எடுத்துக்கும்" என்றார். வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள். உங்களுக்கெல்லாம் வகுப்பில் எழுதச் சொல்லிக் கொடுத்த அதே விண்ணப்பம்தான். ஐந்து தேதி, ஐந்து தொகை. கீழே ஒரே ஒரு கேள்வி: "இந்த அபராதம் விதிக்கும் முன் எனக்கு எந்தத் தேதியில், எந்த வழியில் அறிவிப்பு கொடுத்தீர்கள்?" ஆயாம்மா கையெழுத்துப் போட்டார். இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து, மற்றதில் வங்கி முத்திரை வாங்கிக்கொண்டோம்.

அந்தக் கேள்வி என் மூளையில் உதித்ததல்ல. ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் எல்லா வங்கிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. 2015 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதில் சொன்னவை எளிமையானவை. இருப்பு குறைந்தால் வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நாளிலிருந்து ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். அதற்கு மேல்தான் அபராதம். அதுவும் எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில். இந்த அபராதத்தாலேயே கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது.

ஒரு மாதம் காத்திருந்தோம், பதில் வரவில்லை. அடுத்த கடிதம் சென்னைக்கு, ராஜாஜி சாலையில் ரிசர்வ் வங்கிக் கட்டடத்தில் இருந்த வங்கிக் குறைதீர்ப்பாளருக்கு. ஆம்புட்ஸ்மேன் என்பார்கள். 1995-இல் வந்த திட்டம் அது. வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. முதலில் வங்கிக்கு எழுதியிருக்க வேண்டும், ஒரு மாதம் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பதிவுத் தபாலில் அனுப்பினோம். அங்கிருந்து தீர்ப்பு வருவதற்கு முன்பே ஒருநாள் பாஸ்புக்கில் 295 ரூபாய் வரவு வந்துவிட்டது. ஆயாம்மா அதைப் பார்த்துவிட்டுக் கேட்டது: "வட்டி எங்க டீச்சர்?"

இத்தோடு முடித்தால் எனக்குப் பெருமை. ஆனால் பாதியை மறைத்துப் பாடம் நடத்தக் கூடாது. அதே வங்கியில் என் பழைய கணக்கு ஒன்றிலும் இரண்டு முறை அபராதம் எடுத்திருந்தார்கள். அதே கடிதத்தைப் பெயர் மாற்றி எழுதிக் கொடுத்தேன். பத்தே நாளில் பதில் வந்தது. இன்ன தேதியில், இன்ன எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினோம் என்று விவரமாக இருந்தது. எண்ணைப் பார்த்தேன். நான் எப்போதோ விட்டுவிட்ட பழைய சிம். புது எண்ணை வங்கியில் நான் பதியவே இல்லை. பணம் போனது போனதுதான்.

ஒரே வங்கி, ஒரே விதி, ஒரே கடிதம். அவருக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. அவருக்குச் சொல்லாமல் எடுத்தார்கள், எனக்குச் சொல்லிவிட்டு எடுத்தார்கள். அபராதம் நியாயமா என்று இரண்டு இடத்திலும் யாரும் பார்க்கவில்லை. இந்த வித்தியாசம் என் மனதில் தைத்துக்கொண்டே இருந்தது. பிறகு வெளிநாட்டு வழக்குகளையும் நம் நாட்டு வழக்குகளையும் படித்தபோது, பெரிய நீதிமன்றங்களிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது என்று தெரிந்தது.

இங்கிலாந்தில் 2005-06 வாக்கில் பெரிய அலை ஒன்று கிளம்பியது. கணக்கில் பணம் இல்லாமல் ஒரு பற்று வந்துவிட்டால் அங்கே வங்கிகள் 30 பவுண்டு, 35 பவுண்டு என்று அபராதம் எடுத்தன. மக்கள் மாதிரிக் கடிதம் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார்கள். முதல் கடிதம் கணக்கு விவரம் கேட்டு, இரண்டாவது பணத்தைத் திருப்பிக் கேட்டு. மறுத்தால் சிறு வழக்கு நீதிமன்றம். அப்போது 5,000 பவுண்டு வரையிலான வழக்கை அங்கே வக்கீல் இல்லாமலே போடலாம். பல வங்கிகள் விசாரணை நாளுக்கு முன்பே பணத்தைக் கொடுத்து முடித்துக்கொண்டன. லட்சக்கணக்கானோர் எழுதினார்கள்.

2007-இல் அந்த நாட்டின் நியாய வணிக அலுவலகம், ஏழு வங்கிகள், ஒரு கட்டடச் சங்கம் என எட்டு நிறுவனங்களோடு சேர்ந்து விஷயத்தைச் சோதனை வழக்காக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. உயர் நீதிமன்றத்தில் வங்கிகள் தோற்றன, மேல்முறையீட்டிலும் தோற்றன. ஆனால் 2009 நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக வங்கிகள் பக்கம் தீர்ப்பளித்தார்கள். இந்தக் கட்டணங்கள் வங்கிச் சேவையின் விலையில் ஒரு பகுதி, தெளிவாகச் சொல்லப்பட்ட விலை அதிகமா குறைவா என்று இந்தச் சட்டத்தின் கீழ் ஆராய முடியாது என்பது சாரம். கடிதம் எழுதி வாங்கியவர்கள் வாங்கியிருந்தார்கள். தீர்ப்புக்காகக் காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள்.

நம் நாட்டிலும் இதே மாதிரி ஒரு வழக்கு உண்டு. கிரெடிட் கார்டு பாக்கிக்கு வங்கிகள் ஆண்டுக்கு 36 முதல் 49 சதவீதம் வரை வட்டி வாங்குவதை எதிர்த்து 'ஆவாஸ்' என்ற அமைப்பு தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. 2008 ஜூலை 7 அன்று ஆணையம், 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று தீர்ப்புச் சொன்னது. வங்கிகள் உச்ச நீதிமன்றம் போயின. பதினாறு வருஷம் கழித்து, 2024 டிசம்பர் 20 அன்று அந்தத் தீர்ப்பு ரத்தானது. வட்டி எவ்வளவு என்பதைப் பார்ப்பது ரிசர்வ் வங்கியின் வேலை, வாடிக்கையாளர் தெரிந்து ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தை நுகர்வோர் ஆணையம் திருத்தி எழுத முடியாது என்றார்கள்.

பிள்ளைகளே, இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "இது அநியாய விலை" என்று கேட்டவர்கள் தோற்றார்கள். "என்னிடம் சொன்னீர்களா, விதிப்படி எடுத்தீர்களா" என்று கேட்ட ஆயாம்மா ஜெயித்தார். அநியாயம் என்று நமக்குத் தோன்றுவது வேறு, விதிமீறல் என்று காட்ட முடிவது வேறு.

இதற்கு இன்னொரு சாட்சி, 17 ரூபாய் 70 காசு.

ஏழைகளுக்கு மினிமம் பேலன்ஸ் இல்லாத கணக்கு என்ற எண்ணம் நமக்குப் பக்கத்து ஊரோடு தொடர்புடையது. 2005-இல் புதுச்சேரி மங்கலம் கிராமத்தில் எல்லா வீட்டுக்கும் வங்கிக் கணக்கு என்று இந்தியன் வங்கி தொடங்கியது. நாட்டிலேயே முதல் கிராமம் அது. அந்த வகைக் கணக்குதான் வளர்ந்து 2012-இல் 'அடிப்படை சேமிப்புக் கணக்கு' ஆனது. 2014-இல் வந்த ஜன்தன் கணக்குகளும் அந்த ரகமே. அதில் மாதம் நான்கு முறைக்கு மேல் பணம் எடுத்தால், யுபிஐ, ரூபே அட்டையில் செலவு செய்தால்கூட, ஒவ்வொரு முறைக்கும் 17.70 ரூபாய் என்று பாரத ஸ்டேட் வங்கி 2017 முதல் எடுத்து வந்தது.

மும்பை ஐஐடியின் புள்ளியியல் பேராசிரியர் ஆஷிஷ் தாஸ் இதை எண்களோடு அறிக்கைகளாக எழுதினார். 2020 ஜனவரி 1-க்குப் பிறகு யுபிஐ, ரூபே பரிவர்த்தனைக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தருமாறு மத்திய நேரடி வரிகள் வாரியம் 2020 ஆகஸ்ட் 30 அன்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அந்தத் தேதிக்குப் பிந்தைய பணம் திரும்பியது. 2021 நவம்பரில் வெளியான ஐஐடி அறிக்கைக் கணக்குப்படி, எடுத்தது 254 கோடி, திரும்பியது 90 கோடி, மீதி 164 கோடி வரவில்லை. இங்கேயும் பாருங்கள். எந்தத் தேதி முதல் எழுத்தில் விதி இருந்ததோ, அந்தத் தேதியிலிருந்துதான் பணம் திரும்பியது.

சின்னத் தொகைதானே என்று விடுகிறோம். 2018-க்குப் பிறகு பொதுத்துறை வங்கிகளும் ஐந்து பெரிய தனியார் வங்கிகளும் மினிமம் பேலன்ஸ் அபராதமாக மட்டும் வசூலித்தது 21,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று 2023-இல் மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. நம் 59 ரூபாய்கள் கூடித்தான் அந்தக் கோடி.

அப்படியானால் விலை நியாயமா என்று கேட்கவே முடியாதா? முடியும், ஆனால் வழி வேறு. இங்கிலாந்தில் நீதிமன்றம் மறுத்ததை, 2020 ஏப்ரலில் நிதி ஒழுங்குமுறை ஆணையமே விதி போட்டு நிறுத்தியது. இங்கே ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் மினிமம் பேலன்ஸ் அபராதத்தைக் கைவிட்டது. கனரா வங்கி 2025 ஜூனில் கைவிட்டது. விலையை மாற்றுவது கொள்கை. அதற்கு நாடாளுமன்றக் கேள்வி, பத்திரிகை, சங்கம், நிறையப் புகார் எல்லாம் வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நேர்மையற்ற ஒப்பந்தம்' என்ற பிரிவைப் புதிதாகக் கொண்டுவந்தது. இழப்புக்குப் பொருத்தமில்லாத அபராதமும் அதில் அடங்கும். ஆனால் அந்தப் புகாரை மாவட்ட ஆணையத்தில் கொடுக்க முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். 59 ரூபாய்க்காக ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சென்னைக்கு யார் போவார்?

சேவைக் குறைபாடு என்றால் கடலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். 1986 டிசம்பர் 24 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற சட்டம் தந்த வரம் அது. இப்போதைய சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம், இரண்டு வருஷத்துக்குள் தர வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை.

எனவே, 236 ரூபாய்க்காரிக்கும் மற்றவர்களுக்கும் என் வீட்டுப்பாடம்.

முதல் வேலை, உங்கள் இன்றைய போன் எண் வங்கியில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் தோற்றது அங்கேதான். இரண்டாவது, பாஸ்புக்கை மாதம் ஒருமுறை அச்சிட்டு வரிவரியாகப் படியுங்கள். மூன்றாவது, புரியாத பற்று இருந்தால் வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். இது என்ன கட்டணம், எந்த விதிப்படி, எனக்கு எப்போது தெரிவித்தீர்கள் என்ற மூன்று கேள்வி போதும். திட்ட வேண்டாம், கவுன்டரில் இருக்கும் பிள்ளையும் யாரோ ஒரு டீச்சரின் மாணவன்தான். நகலில் முத்திரை வாங்குங்கள். தர மறுத்தால் தபாலில் அனுப்புங்கள். 2025-இல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ குறைதீர்ப்பாளர். அதன் பிறகும் வழி இல்லை என்றால் கடலூர்.

236-ஐப் பற்றி ஒன்று. 200 ரூபாயும் அதற்கு 36 ரூபாய் வரியும் சேர்ந்த தொகை அது. ஏடிஎம் அட்டைக்கான ஆண்டுக் கட்டணமாக இருக்கலாம். முன்பே உனக்குச் சொல்லியிருந்தால் பணம் திரும்பாது கண்ணு. அப்போது உன் கேள்வி, "இந்த அட்டை எனக்கு வேண்டுமா, மினிமம் பேலன்ஸ் இல்லாத அடிப்படைக் கணக்காக மாற்றித் தருவீர்களா" என்பதாக இருக்கட்டும். அதையும் எழுத்திலேயே கேள்.

அனுப்புநர், பெறுநர் எழுதத் தெரியாது என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். அதற்கு மார்க் போட்டவள் நான்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய டீச்சர், ஸ்ரீமுஷ்ணம்.