வார்ப்புருவுக்கு எவ்வளவு அதிகாரம்?

பாடசாலை விடுகைப் பத்திரத்தை நேயர்கள் யாவரும் அறிவர். மாணவரின் பெயர், பிறந்த திகதி, சேர்ந்த நாள், இறுதியாகக் கற்ற வகுப்பு என்பவற்றுக்கு அதில் வெற்றிடங்கள் விடப்பட்டிருக்கும். அச்சிட்ட சொற்கள் எல்லோர்க்கும் பொது. வெற்றிடத்தில் எழுதப்படுவன ஒவ்வொருவர்க்கும் வேறு. சேர்வு இடாப்பைப் பார்த்து அவ்விடங்களை நிரப்புவது அலுவலகத்தார் கடன். இணையத்தளங்களும் பெரும்பாலும் இம்முறையிலேயே இயங்குகின்றன. இடாப்பின் இடத்தில் நிற்பது தரவுத்தளம். அச்சிட்ட படிவத்தின் இடத்தில் நிற்பது வார்ப்புரு. நிரப்பும் கையின் இடத்தில் நிற்பது கணினிச் செய்நிரல்.

இத்தகைய தளமொன்றை அமைக்க முற்படுவோர் முன்னே வார்ப்புருச் சட்டகங்கள் பல உள்ளன. அவற்றுள் எதனைத் தெரிவது? விரைவையும் புகழையும் கொண்டு விடை காண்போர் பலர். வரலாற்றை நோக்குமிடத்து அடிப்படை வினா வேறென்பது புலனாகும். படிவத்துக்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்கலாம் என்பதே அவ்வினா.

1989ஆம் ஆண்டில் சேர்ண் ஆய்வு நிலையத்தில் ரிம் பேர்ணர்ஸ் லீ முன்மொழிந்த உலகளாவிய வலை, தொடக்கத்தில் எழுதிவைத்த பக்கங்களைக் கேட்போர்க்கு எடுத்துக் கொடுப்பதாகவே பெரிதும் இருந்தது. 1993இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்து மீக்கணினி நிலையத்தார் பொது வாயில் இடைமுகம் எனும் முறையை வகுத்தனர். அதன் பயனாக, ஒருவர் பக்கத்தைக் கேட்டவுடன் செய்நிரலொன்று இயங்கி அப்பக்கத்தை அக்கணமே ஆக்கித் தருதல் இயல்வதாயிற்று. ஆயினும், பக்கத்தின் தலைப்பும் அட்டவணையும் செய்நிரலின் வரிகளுக்குள்ளே புதைந்து கிடந்தன. ஒரு தலைப்பை மாற்றுவதற்கும் செய்நிரலாளரையே நாட வேண்டியிருந்தது.

இந்நிலையைத் தலைகீழாக்கியவருள் ஒருவர் கிறீன்லாந்திற் பிறந்த ரஸ்மஸ் லேர்டோர்வ். தம் தகைமை விவரப் பக்கத்தைப் பார்வையிடுவோரைக் கணக்கிடும்பொருட்டு 1994இல் அவர் சில கருவிகளை ஆக்கி, அடுத்த ஆண்டில் அவற்றைப் பொதுவில் வெளியிட்டார். பி.எச்.பி. என்னும் மொழி அவற்றினின்றும் வளர்ந்ததாகும். செய்நிரலுக்குள் பக்கத்தை வைக்கும் வழக்கம் போய், பக்கத்துக்குள் செய்நிரலை வைக்கும் வழக்கம் பரவியது. 1996இல் மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் ஏ.எஸ்.பி. முறையும் அவ்வழியே வந்தது. சிறிது பயிற்சியுடையோரும் தளம் அமைக்கலாயினர். இது பெரும் நன்மையே.

ஆனால், நன்மையோடு ஒரு தீங்கும் வந்தது. படிவமே இடாப்பைத் திறந்து தேடவும், கணக்கிடவும், முடிவு செய்யவும் தொடங்கிற்று. தரவுத்தளத்தில் ஒரு நிரலின் பெயரை மாற்றினால், அதனை நேரே நாடிய பக்கங்கள் யாவும் பழுதுற்றன. ஒருவர் ஆக்கிய தளத்தைப் பின்வந்தவர் திருத்துதல் அரிதாயிற்று.

தரவு, தோற்றம், கட்டுப்பாடு ஆகிய மூன்றையும் வேறு பிரித்தல் வேண்டும் என்னும் கருத்து வலைக்கு முற்பட்டது. நோர்வே நாட்டவரான திறிக்வே றீன்ஸ்கௌக் 1979இல் சீரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தில் அதனை வகுத்தார். வலைப்பக்க வார்ப்புருக்கள் தொடர்பாக இக்கருத்தைக் கண்டிப்பான விதிகளாக்கியவர் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்து ரெறன்ஸ் பார். 2004இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் ஐந்து விதிகள் கூறினார். வார்ப்புரு தரவை மாற்றலாகாது, தரவைக்கொண்டு கணக்கிடலாகாது, தரவின் பெறுமானங்களை ஒப்பிடலாகாது, தரவின் வகை இன்னதென ஊகிக்கலாகாது, தரவும் தன்னுள் தோற்றக் குறிப்புகளைக் கொண்டிருத்தல் ஆகாது.

இவ்விதிகளின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பெறுபேற்றுப் பக்கமொன்றில், புள்ளி 40க்குக் குறைந்ததா என வார்ப்புருவே ஒப்பிடுமாயின், சித்தியெல்லை 35 ஆகும் நாளில் ஒப்பீடு செய்யும் பக்கம் ஒவ்வொன்றையும் தேடித் திருத்தல் வேண்டும். ஒன்று தவறினும் ஒரு மாணவரின் பெறுபேறு பிழைபடும். சித்தியா அன்றா என்ற முடிவைச் செய்நிரல் கொடுக்க, வார்ப்புரு அதனைக் காட்டுமாயின், ஓரிடத்தில் திருத்தினாற் போதும்.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லோறன்ஸ் ஜேர்ணல் வேள்ட் என்னும் பத்திரிகையின் இணையப் பிரிவிலும் இத்தேவை எழுந்தது. அங்கே 2003இல் அட்ரியன் ஹொலோவாற்றி, சைமன் வில்லிசன் என்போர் ஆக்கத் தொடங்கிய சட்டகமே 2005இல் ஜாங்கோ என்னும் பெயரால் வெளிவந்தது. அதன் செய்நிரல் பைதன் மொழியில் அமைந்தது; வார்ப்புருவோ வேறொரு சிறு மொழியில் அமைந்தது. செய்நிரல் அறியாத வடிவமைப்பாளரும் பக்கத்தைத் திருத்தலாம் என்பதே அப்பிரிவினையின் நோக்கம்.

நேயர்களே, படிவத்தின் அதிகாரத்தோடு பாதுகாப்பும் பிணைந்துள்ளது. பார்வையாளர் ஒருவர் கருத்தெழுதும் இடத்தில் கட்டளையொன்றை எழுதிவிடலாம். வார்ப்புரு அதனை மாற்றமின்றி இட்டால், பிறருடைய கணினி அதனை எழுத்தாகக் கொள்ளாது கட்டளையாகவே நிறைவேற்றும். இவ்வாபத்தைப் பற்றிச் சேர்ட் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு நிலையம் 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் எச்சரித்தது. 2005 ஒக்டோபரில் மைஸ்பேஸ் தளத்தில் இவ்வாறு புகுந்த ஒரு கட்டளை, ஒரு நாளுக்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பக்கங்களிற் பரவியது. 2008இல் வெளிவந்த ஜாங்கோவின் முதலாம் பதிப்பு, வெற்றிடத்தில் விழும் கட்டளைக் குறிகளை வெறும் எழுத்தாக மாற்றுதலை இயல்பான வழக்கமாக்கியது. ஒவ்வொரு முறையும் மனிதர் நினைவிற்கொள்ள வேண்டியிருந்த காவல், அதன்பின் கருவியின் காவலாயிற்று.

வரலாறு ஒரே திசையில் ஓடவில்லை. 2013இல் முகநூல் நிறுவனம் வெளியிட்ட ரியாக்ற், செய்நிரலையும் பக்க வடிவையும் மீண்டும் ஒருங்கு சேர்த்தது. மொழிகளைப் பிரித்தல் வேறு, பொறுப்புகளைப் பிரித்தல் வேறு என்பது அதனை ஆக்கியோர் வாதம். அவ்வாதத்தில் உண்மையுண்டு. ஆயினும் அக்கருவியும், வெற்றிடத்தில் விழுவதை எழுத்தாகவே கொள்ளும் காவலைக் கைவிடவில்லை.

ஆகவே, சட்டகம் தெரிவோர் மூன்று வினாக்களைக் கேட்டல் தகும். செய்நிரல் அறியாதவர் அச்சமின்றி இப்பக்கத்தைத் திருத்தலாமா? விதியொன்று மாறினால் எத்தனை இடங்களிற் கை வைக்க வேண்டும்? அயலார் எழுதியது கட்டளையாகாமற் காப்பது எவர், மனிதரா கருவியா? இவற்றுக்கு நல்ல விடை தரும் கருவி புகழிற் குறைந்ததாயினும், தளத்தை ஆக்கியவர் நீங்கிய பின்னரும் அது பிறர் கையிற் பயன்தரும்.