பெருமை என்னும் விலங்கு: அமெரிக்காவின் அடிமைக் கொல்லர்கள்



கைத்தொழிலைப் பற்றிப் பேசப்போகிறேன். ஆனால் நம் ஊர்ப் பட்டறையிலிருந்து தொடங்கப்போவதில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து தொடங்குகிறேன். 1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் உருவான தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே கருஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய போராட்டத்தை நாம் அறிவோம். அவர்களுடைய உழைப்பின் வரலாற்றை நாம் அந்த அளவுக்குப் படித்ததில்லை.

“கையில் ஒரு தொழில் இருந்தால் போதும், யாரும் உன்னை அசைக்க முடியாது” என்று நம் பிள்ளைகளுக்குக் காலங்காலமாக அறிவுரை சொல்லப்படுகிறது. இது உண்மையா என்பதை அந்தக் கொல்லர்களின் வாழ்க்கையில் வைத்துப் பார்க்கலாம்.

கப்பல்களில் ஏற்றப்பட்ட ஆப்பிரிக்கர்கள் தொழில் தெரியாதவர்கள் அல்லர். கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கிய உலைகள் நைஜீரியாவின் தருகாவில் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. யொரூபா மக்களுக்கு இரும்புக்கென்றே ஓகூன் என்ற தெய்வம் உண்டு. அமெரிக்காவின் பெரிய தோட்டங்களில் கொல்லுப்பட்டறை இல்லாமல் எதுவும் நடக்காது. மண்வெட்டி, கொழு, லாடம், வண்டிச் சக்கரப் பட்டை, கதவுக் கீல் எல்லாம் அங்கேதான் அடிக்கப்பட்டன. தென்மாநிலங்களில் சம்மட்டி பிடித்த கைகளில் பெரும்பகுதி அடிமைகளின் கைகள்.

‘எல்லா மனிதரும் சமம்’ என்று 1776இல் விடுதலைப் பிரகடனம் எழுதிய தாமஸ் ஜெஃபர்சன், 1794இல் தன் மாண்டிசெல்லோ தோட்டத்தில் ஆணிப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அதில் வேலை செய்தவர்கள் 10 முதல் 16 வயது வரையிலான அடிமைச் சிறுவர்கள். நாளொன்றுக்கு 8,000 முதல் 10,000 ஆணிகள் வரை அங்கே தயாராயின. சிறுவனிடம் கொடுத்த இரும்புக் கம்பியையும் அவன் திருப்பித் தந்த ஆணியையும் எடைபோட்டு, எவ்வளவு வீணானது என்பதை ஜெஃபர்சன் தாமே கணக்கெழுதினார். அங்கே தேறியவன் பிறகு கொல்லனாவான், தச்சனாவான். தேறாதவனுக்கு வயல். பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் அந்தப் பிள்ளைகள் எழுதிய தேர்வு இதுதான்.

மாண்டிசெல்லோவிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் தொலைவில் ரிச்மண்ட் நகரம். அதை ஒட்டிய தோட்டம் ஒன்றில் கேப்ரியல் என்ற கொல்லர் இருந்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவர். ஆண்டை அவரை நகரத்துப் பட்டறைகளுக்கு வாடகைக்கு அனுப்புவார். அங்கே அவர் சுதந்திரக் கறுப்பர்களோடும் வெள்ளைத் தொழிலாளர்களோடும் பழகினார். 1800இல் நகரத்தைப் பிடித்து ஆளுநர் ஜேம்ஸ் மன்றோவைப் பிணையாக வைத்து விடுதலை கேட்பது என்று திட்டம் தீட்டினார். அவருடைய சகோதரர் சாலமனும் கொல்லர். புல்லறுக்கும் நீண்ட அரிவாள்கள் உலையில் காய்ந்து வாள்களாயின. ஆகஸ்ட் 30 இரவு புறப்பட வேண்டும். அன்று கொட்டிய பெருமழையில் பாதைகள் அடைபட்டன, ரகசியமும் காட்டிக்கொடுக்கப்பட்டது. அக்டோபர் 10 அன்று கேப்ரியல் தூக்கிலிடப்பட்டார். சாலமன் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் அதே முடிவை அடைந்தார்கள்.

தொழில் கற்ற அடிமை என்ன செய்வான் என்பதை ஆண்டைகள் அன்று கண்டுகொண்டார்கள். அந்த அச்சம் சட்டமாக வந்தது. விடுதலை பெற்ற அடிமை 12 மாதத்துக்குள் மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று 1806இல் வர்ஜீனியா விதித்தது. குடும்பம் அடிமையாக இருக்கும்போது, தனக்கு மட்டும் விடுதலை வாங்கி என்ன செய்வது?

இந்தக் கேள்வியை வாழ்ந்து பார்த்தவர் ஜோசப் ஃபாசெட். ஜெஃபர்சனின் ஆணிப் பட்டறையில் சிறுவனாக நுழைந்தவர். 1807 முதல் மாண்டிசெல்லோவின் கொல்லுப்பட்டறையையே நடத்தியவர். அவருடைய மனைவி ஈடித், ஜெஃபர்சன் குடியரசுத் தலைவராக இருந்தபோது வாஷிங்டனில் அவருக்குச் சமைக்கக் கொண்டுபோகப்பட்டார். 1806இல் அவரைப் பார்க்க ஜோசப் சொல்லாமல் கிளம்பிப் போனார், பிடித்து வரப்பட்டார். 1826 ஜூலை 4 அன்று ஜெஃபர்சன் இறந்தார். அவருடைய உயிலின்படி ஓராண்டு கழித்து ஜோசப்புக்கு விடுதலை. ஆனால் ஈடித்துக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. ஜெஃபர்சனின் கடனை அடைக்க 1827 ஜனவரியில் 130 பேர் ஏலத்துக்கு விடப்பட்டார்கள். அந்த வரிசையில் அவருடைய குடும்பமும் நின்றது. மகன் பீட்டருக்கு அப்போது 11 வயது.

அதன்பின் ஜோசப் அடித்த ஒவ்வோர் அடியும் குடும்பத்தை மீட்கும் விலையானது. 1837இல் மனைவிக்கும் சில பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதினார். பீட்டர் விடுதலையாக 1850 வாக்கில்தான் முடிந்தது. வர்ஜீனியாவின் மிகச் சிறந்த கொல்லர்களில் ஒருவர், தான் பெற்ற பிள்ளைகளைத் தானே விலை கொடுத்து வாங்கவேண்டியிருந்தது. தொழில் அவருக்குத் தந்தது அந்த விலையைத்தான், உரிமையை அல்ல.

மூன்றாவது கொல்லர், பக்கத்து மேரிலாந்தில் 1807இல் பிறந்த ஜேம்ஸ் பென்னிங்டன். தன் தந்தையை ஆண்டை அடித்ததைக் கண்டு மனம் கசந்தவர், 1827இல் தப்பி ஓடினார். பிறகு பாதிரியார் ஆனார். யேல் பல்கலைக்கழகத்தில் வகுப்பில் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பாடம் கேட்டார். 1849இல் தன்வரலாறு எழுதினார். அதில் ஒரு வாக்குமூலம் உண்டு: இவ்வளவு காலம் தன்னை அடிமை வாழ்வோடு ஒத்துப்போக வைத்தவற்றுள் ஒன்று, தேர்ந்த கொல்லன் என்ற பெருமிதம் என்கிறார்.

தோழர்களே, இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். சவுக்கு உடம்பைக் கட்டியது. பெருமை மனத்தைக் கட்டியது. வேலை நேர்த்தியில் வரும் மகிழ்ச்சி பொய்யானதல்ல. அந்த மகிழ்ச்சியையே ஆண்டை தன் பூட்டாக்கிக்கொண்டான்.

அடிமை முறையும் சாதியும் ஒன்றல்ல. அங்கே யார் கொல்லன் என்பதை ஆண்டை முடிவு செய்தான். இங்கே பிறப்பு முடிவு செய்கிறது. அங்கே கறுப்பர்களின் கையில் சம்மட்டியைத் திணித்தார்கள். இங்கே அரிவாள் பிடித்து அறுத்தவரை அரிவாள் அடிக்கும் பட்டறைக்குள் விடவில்லை. இரண்டு இடத்திலும் உழைப்பவருக்குத் தேர்வு இல்லை. 1953இல் ராஜாஜி அரசு பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில் என்றபோது, ‘குலக்கல்வி’ என்று பெயர் வைத்துத் தமிழகம் எதிர்த்தது. அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. பாரம்பரியத் தொழிலின் பெருமை என்று இன்று யாராவது பேசும்போது, அந்தப் பெருமை யாருடைய பூட்டு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்து இரும்பு வாயிற்கதவுகளைச் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். அடிமைகள் அடித்த இரும்பில் அவர்கள் பெயர் இல்லை. அதே ஊரில் அடிமையாகப் பிறந்த ஒரு முதிய கொல்லரிடம் தொழில் கற்றவர் ஃபிலிப் சிம்மன்ஸ். 1912இல் பிறந்தவர், விரும்பித் தொழிலைத் தேர்ந்தவர். 1982இல் அமெரிக்க அரசின் பாரம்பரியக் கலைஞர் விருது பெற்றார், 2009இல் மறைந்தார். அவர் செய்த கதவுகளை ஊர் இன்று அவர் பெயர் சொல்லிக் காட்டுகிறது. நெருப்பும் சம்மட்டியும் அதேதான். பட்டறையின் சாவி மட்டும் இவர் கையில் இருந்தது.

நம் பிள்ளைகள் எந்தத் தொழிலையும் கற்கட்டும். எதை வேண்டாம் என்று சொல்வது என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும்.

ஜெய்பீம்.